காஜா அக்காவின் ஏழு சட்டைகள்

சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள், அதையும் ஒருத்தி உட்கார்ந்து போட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பட்டன் நுழைந்து நின்றால் போதும். அந்த ஆடைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் காஜா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கவில்லை. சூப்பர்வைசர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. காவலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அதை அவர் கண்டுகொள்வதே இல்லை.

காஜா இயந்திரம் பொல்லாதது. துளை வர வேண்டிய இடத்தைச் சுற்றி ஊசி தைத்து முடித்ததும், ஒரு சின்னக் கத்தி இறங்கி நடுவில் வெட்டும். தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். கத்தி தப்பினால் சட்டை போச்சு. அதனால் புதிதாக வருகிறவர்களைப் பழக்கும் வேலையை அவளிடம்தான் கொடுப்பார்கள். அவளிடம் பழகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நூல் அறுந்துவிட்டதென்று யாராவது திரும்பிப் பார்த்தால், இவளுக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விடும்.

"அக்கா, நூல் கோர்க்க வரலக்கா."

"வராது."

"ஒரே ஒரு தடவ கோர்த்துக் காட்டுங்க."

"காலைல காட்டினேன்ல? நான் கோர்த்துக் குடுத்தா என் கைதான் பழகும். உன் கை எப்போ பழகும்?"

கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவார்கள். கல்நெஞ்சக்காரி என்று காதுபடவே திட்டியவர்களும் உண்டு. ஒரு மாதம் போனால் அதே ஆட்கள், பக்கத்தில் இருப்பவளோடு வம்பளந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டு நூல் கோர்ப்பார்கள். வந்த புதிதில் அக்காவின் ஆள்காட்டி விரல் நகத்தின் வழியாகவே ஊசி இறங்கியிருக்கிறது. மறுநாள் கட்டோடு வந்து உட்கார்ந்தாள். யாரும் இவளைத் தட்டிக் கொடுக்கவில்லை. பட்டுத்தான் கை வந்தது, ஆகவே எல்லோரும் பட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அவள் கட்சி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில கைகள் வராது. என்ன அழுதாலும் வராது. அதை ஒரு வாரத்துக்குள் அவள் கண்டுபிடித்துவிடுவாள். விரல்கள் நூலைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும் என்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. வராது என்று தெரிந்துவிட்டால் அந்த ஆளிடம் அவள் வேறொரு மனுஷியாகிவிடுவாள். கோபம் இருக்காது. "இங்க குடும்மா" என்று வாங்கித் தானே ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பாள். அந்த வாரக் கடைசியில் அந்த ஆளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகையால் அந்தத் தளத்தில் அக்காவின் திட்டுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அக்கா ஊசி கோர்த்துக் கொடுத்தால்தான் பயப்படுவார்கள்.

இந்தக் கதையையெல்லாம் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொல்வாள். அவர் ஒரு மோட்டார் பட்டறையில் வைண்டிங் வேலை பார்த்தவர். எரிந்துபோன மோட்டாருக்குள் முடி போன்ற செம்புக் கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றி இறக்குவது அவர் தொழில். கையை நம்பிப் பிழைத்த இரண்டு பேர், பிள்ளை இல்லாத வீடு, சிரிக்க இந்தக் கதைகள். என்றைக்காவது இவள் கூடுதலாகக் கவனித்துப் பரிமாறினால் அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்குவார்.

"என்ன, உபசாரம் பலமா இருக்கு? என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பப் போறியா?"

"அனுப்பிட்டாலும்! சும்மா சாப்பிடுங்க."

இந்தக் கேலி அந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வயது ஐம்பத்தொன்று. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், பிரஷ் கையிலிருந்து நழுவியதைக் குனிந்து பார்த்தார். அதை எடுக்க அவரால் முடியவில்லை. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. இரண்டு மாதத்தில் கால் வந்தது, இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு வந்தது, ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்புகிறவர் மாதிரி. கைதான் வரவில்லை.

பட்டறை முதலாளி நல்ல மனுஷர். நேரில் வந்து பார்த்தார். "ஆறு மாசத்துக்கு உங்க ஸ்டூல்ல வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன். கை வந்துடுச்சுன்னு பிசியோகிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார். அவர் போனபின் வீட்டுக்காரர் வெகுநேரம் வாயைக் குவித்துக் குவித்து, கடைசியில் "என் ஸ்டூல்" என்ற இரண்டு சொல்லைச் சொன்னார். மற்றதை அவள் புரிந்துகொண்டாள். அந்த ஸ்டூல் போனால் இந்த மனுஷர் பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து செத்துப்போவார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பிசியோ ஒரு சின்னப் பெண். அவளிடம் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஒரு தாழ்ப்பாள், ஒரு போல்ட்டும் நட்டும், ஆணியடித்த பழைய சட்டையின் முன்பாகம், அதில் ஐந்து பட்டன்கள். வீட்டில் பழகுவதற்கு அதே மாதிரி சின்னதாக ஒன்றும் கொடுத்தாள்.

"முதல் ஆறு மாசம்தான் கை சொன்ன பேச்சைக் கேக்கும்மா. பலகையெல்லாம் ரெண்டாம் பட்சம். தினமும் காலைல சட்டை பட்டன அவரே போடணும். எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்க கை வைக்கக் கூடாது. பாக்க முடியலன்னா வெளிய போய் நின்னுக்குங்க."

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. யாரிடம் வந்து யார் சொல்வது என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் சொன்னபடி இருந்தாள். ஆறு மணிக்கு அவர் சட்டையோடு மல்லுக்கு நிற்பார். இவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். மூன்றாம் மாதம் முடிகையில் இரண்டு பட்டன் வந்துவிட்டது. பிசியோ பெண் கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிஷம் என்று எழுதிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள்.

நான்காம் மாதம் அப்படியே நின்றுபோயிற்று. மூன்றாவது பட்டன் துளையின் ஓரத்தைத் தொடும், வழுக்கிவிடும். மூன்று நாள் அவளுக்கு வேன் போய்விட்டது. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்டான். ஆனால் பழியை வேன் மேல் போடுவது சும்மா. உண்மை வேறு. ஒரு வியாழக்கிழமை காலை, இருபத்தைந்து நிமிஷம் மூன்றாவது பட்டனோடு நின்றவர், அது நழுவியதும் அழுதார். கோணிய வாயோடு, சின்னப் பிள்ளை போலக் குரலெடுத்து அழுதார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கம்பெனியில் யார் அழுதாலும் குனிந்த தலை நிமிராதவள், ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுத் தையல் மிஷினைத் துடைத்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். அவருக்கு இருந்தது ஏழு அரைக்கைச் சட்டை. ஒவ்வொன்றிலும் ஆறு காஜா. நாற்பத்திரண்டு காஜாவையும் தைத்து மூடினாள். அவற்றின் மேலேயே பட்டனை அழகுக்கு வைத்துத் தைத்தாள். உள்பக்கம், பிள்ளைகளின் ஷூவில் இருக்குமே, ஒட்டினால் ஒட்டிக்கொண்டு இழுத்தால் பர்ரென்று பிரிகிற பட்டை, அதை நீளமாக வைத்து அடித்தாள். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் போட்ட சட்டைதான். நிறத்துக்கு நிறம் நூல் பொருத்தி, ஒரு சுருக்கம் இல்லாமல், அவள் வாழ்க்கையில் தைத்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஏழு சட்டையும் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலை இடது கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு, சட்டை போட்டாயிற்று. அவள் வேனுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நின்றாள். கம்பெனியில் விஷயத்தைச் சொன்னதும் கைதட்டாத குறை. கஷ்டம் வந்தால் உட்கார்ந்துவிடாமல் வழி கண்டுபிடிக்க அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் சொன்னான். நாத்தனார் போனில், "நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன அண்ணி கவலை? நீங்க தாங்குவீங்க" என்றாள். வந்து எட்டிப் பார்க்க உத்தேசம் இல்லாதவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். இருந்தாலும் அவளுக்கு அது தேவையாக இருந்தது. முதுகு ஒடிய ஒடிய, தான் ஒடியவில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமையே இருந்தது.

வீட்டைப் பெருக்கும்போது பயிற்சிப் பலகை கட்டிலுக்கடியில் கிடந்தது. பத்திரமாக வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, தூசி தட்டி அங்கேயே வைத்தாள்.

ஐந்தாம் மாதம் பிசியோ பெண் விடுப்பில் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக வந்தவர் நடையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினார். ஆறாம் மாதம், லெட்டருக்காகப் போனபோது அவள் திரும்பியிருந்தாள். சிரித்துக்கொண்டே பலகையை எடுத்து வைத்தாள். அவர் மூன்றாவது பட்டனோடு போராடுவார், நான்காவதும் வந்துவிட்டால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

அவருக்கு ஒரு பட்டன்கூட வரவில்லை. பழைய இரண்டும் போய்விட்டது. விரல்கள் பட்டன் மேல் போய்ச் சும்மா படுத்துக்கொண்டன.

பிசியோ பெண் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு இவளைப் பார்த்தாள். "வீட்ல தினமும் சட்டை அவர்தானேம்மா போடறாரு?"

"அவரேதான் போடறாரு. நான் கையே வைக்கறதில்ல."

அவள் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை.

"சரி, சட்டையக் கழட்டுங்கய்யா. தோளைப் பாக்கணும்."

அவர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு இடது கையால் கழுத்தடியில் பிடித்து இழுத்தார். அந்தச் சின்ன அறையில் பர்ரென்று அந்தச் சத்தம் மேலிருந்து கீழ்வரை போயிற்று. பிசியோ பெண் சட்டையை வாங்கித் திருப்பினாள். மூடிய துளை ஒன்றை விரலால் தடவினாள்.

"யாரு தைச்சது?"

"நான்தான்."

"ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க" என்றாள். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே சொன்னாள். சட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இது இல்லாட்டியும் கை வந்திருக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு வர்றதில்ல" என்றாள். ஆறுதலுக்குச் சொன்ன அந்த வார்த்தையைத்தான் அவளால் கடைசிவரை விழுங்க முடியவில்லை. வந்திருக்கும் என்றால் அழுது தீர்க்கலாம். வந்திருக்காது என்றால் விட்டுத் தொலைக்கலாம். இரண்டுக்கும் வழியில்லை.

பட்டறைக்குத் தகவல் அவளே போய்ச் சொன்னாள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவருக்குப் பின்னால் அந்த ஸ்டூல் தெரிந்தது. அடுத்த வாரமே அதில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி ஜன்னலடியில் உட்கார்ந்தாள். இந்த முறை பிரிப்பதற்கு. எதற்குப் பிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஐந்து சட்டையில் பட்டையைப் பிரித்து, காஜாவைத் திறந்து, பட்டன்களைப் பழைய இடத்தில் தைத்தாள். அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது சட்டையை எடுத்தபோது அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாராவது ஒருவர் மேல் காட்டியாக வேண்டும், எதிரில் அவர்தான் இருந்தார்.

"காலைலதான் சட்டை இப்படி ஆச்சு, சரி. பகல்ல நான் இல்லாத நேரம் பூரா என்னங்க பண்ணீங்க? அந்தப் பலகைல பழகியிருக்கலாம்ல? கட்டிலுக்கடியில தள்ளிட்டுச் சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"பழகினேன்."

"எப்போ?"

"நீ சட்டை தைக்கிற வரைக்கும்." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மூணாவது பட்டன்... ரெண்டு தடவ துளைக்குள்ள போச்சு."

அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"ஒரு நாள் காலைல அழுதேனே... அதுக்கு முந்தின நாள் போச்சு. உன் முன்னாடி போட்டுக் காட்டணும்னு பாத்தேன். வரல. அதான் அழுதேன்."

"அப்புறம் ஏங்க விட்டீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் அவளைக் குற்றம் சொல்கிற முகத்தோடு பார்க்கவில்லை. அவளுக்கு ஏன் இன்னும் விளங்கவில்லை என்று ஆச்சரியப்படுகிறவர் மாதிரிதான் பார்த்தார்.

"நீதான் ஊசி கோர்த்துக் குடுத்துட்டியே."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பன்னிரண்டு வருஷம் இதே அறையில், இதே தட்டுகளுக்கு முன்னால் அவள் சொல்லிச் சிரித்த அத்தனை கதையும் புரிந்தது. கை வராது என்று தெரிந்தால்தான் அக்கா தானே எடுத்துச் செய்துகொடுப்பாள். அவள் கணிப்பு தப்பியதே இல்லை. நாற்பத்திரண்டு காஜாவை அவள் ஒவ்வொன்றாக மூடியதை அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அது தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். மூடியவள் தெருவில் போகிற யாரோ அல்லவே, கைகளைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யார்? நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

"ஐயோ, நான் அப்படி நினைக்கலங்க. சத்தியமா அப்படி நினைக்கவே இல்ல. நீங்க அழுததப் பாக்க முடியல, அவ்வளவுதான்."

"அப்படியா?" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி, அவள் மடியில் கிடந்த சட்டையின் மேல் வைத்தார்.

"இப்போ பாத்துச் சொல்லு. வீட்டுக்காரன்னு பாக்காத. புதுசா வேலைக்கு வந்தவன்னு நினைச்சுக்கோ. வருமா?"

அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. மற்ற நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, துணியைத் தொட்டும் தொட்டது தெரியாமல் கிடந்தன. ஒரு வாரம் தேவைப்படவில்லை. மூச்சு இழுத்து விடும் நேரத்தில் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் கையைப் பற்றியும் அவள் பொய் சொன்னதில்லை.

"வரும்" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு, திறந்த காஜாக்களுள்ள சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "நீங்களே போடுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு எதிரில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். கைகள் எங்கே எழுந்து போய்விடுமோ என்று இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் முதல் பட்டனைப் பிடிக்கப் பார்த்தார். அது நழுவியது. மறுபடி பிடித்தார். நழுவியது. அவர் முகத்தில் அன்றைக்கிருந்த தவிப்பு இல்லை. சொன்ன வேலையைச் செய்து முடிக்கிறவர் மாதிரி, அலுக்காமல், அவசரப்படாமல், நழுவ நழுவப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பது அழுகையைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏழு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. மறுபடி அடித்தது.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. தன் விரல்களைப் பார்த்தபோது அவை மூன்றாவது பட்டனில் இருந்தன. கீழிருந்து முதல் இரண்டையும் போட்டு முடித்திருந்தன. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். அவர் தடுப்பார் என்று ஒரு நொடி காத்திருந்தாள். அவர் தடுக்கவில்லை. வலது கையைத் தாங்கியிருந்த இடது கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, கழுத்துப் பட்டனுக்கு வசதியாக முகவாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

"சாயங்காலம் போட்டுப் பாக்கலாங்க" என்றாள், கடைசிப் பட்டனைப் போட்டுக்கொண்டே.

"பாக்கலாம்" என்றார் அவர், அவள் மனம் நோகக் கூடாதே என்று.